வள்ளுவன் ஜீவானந்தத்தின் இதயத் துணைக்கருவி ஆய்வுகள்

வள்ளுவன் ஜீவானந்தம் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இதய அறுவைப் பிரிவை வழிநடத்தி வந்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆவார். இதய மாற்று அறுவையிலும், தளர்ந்த இதயத்திற்குத் துணையாகக் குருதியை உந்தும் கருவிகளிலும் இவரது ஆய்வுகள் அமைந்துள்ளன. குறிப்பாக, படுக்கையிலேயே பயன்படுத்தப்பட்டு வந்த பலூன் உந்தியை, நோயாளி எழுந்து நடமாடக்கூடிய கருவியாக மாற்றும் முயற்சியில் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு. இக்கட்டுரை அம்முயற்சியைப் பற்றியது.

காத்திருப்பு என்னும் சிக்கல்

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவது அன்று. உடலுக்குத் தேவையான அளவு குருதியை உந்த இயலாமல் இதயத்தசை தளர்ந்துபோவதே இதயச் செயலிழப்பு எனப்படுகின்றது. தொடக்கத்தில் திருச்சி மலைக்கோட்டைப் படிகளை ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கும். முற்றிய நிலையில் பாலக்கரைக் கடைத்தெருவில் சமதரையில் சில அடி நடப்பதே கடினமாகும். இறுதியில் படுத்திருக்கும்போதும் மூச்சுத் திணறும். மருந்துகள் பயனளிக்காத கட்டத்தில் மாற்று இதயமே சிறந்த தீர்வு. ஆனால் கொடையாகக் கிடைக்கும் இதயங்கள் மிகக் குறைவு.

கிடைத்த இதயத்திற்கும் நேர வரம்பு உண்டு. பனிக்கட்டியில் குளிர்வித்து எடுத்துச் செல்லப்படும் இதயத்தை ஏறத்தாழ 4 மணி நேரத்திற்குள் பொருத்தி, அதில் மீண்டும் குருதியைப் பாய்ச்சிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. எடுத்துக்காட்டாக, திருச்சியில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயம் சென்னையில் உள்ளவருக்குப் பொருந்துவதாகக் கொள்வோம். இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். சாலை வழியாகச் சென்றால் பயணத்திலேயே அந்த நேரம் கடந்துவிடும், வானூர்தியே வழி. ஆகவே பெறுபவர், அழைத்த உடனே அறுவைக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

பல வாரங்கள் படுக்கையில் கிடந்தவருக்குத் தசைகள் மெலிகின்றன, நுரையீரலில் தொற்று ஏற்படுகின்றது, சிறுநீரகமும் கல்லீரலும் நலிகின்றன. இதயம் கிடைத்தும் உடல் அறுவையைத் தாங்காத நிலை உருவாகலாம். ஜீவானந்தத்தின் ஆய்வுகளுக்கு அடிப்படை இதுவே: காத்திருப்பவரை உயிரோடு வைத்திருந்தால் போதாது, அவர் நடக்கவும் வேண்டும்.

எதிர்த்துடிப்பு

இதயத் துணைக்கருவிகளில் இரு போக்குகள் உள்ளன. ஒன்று, இதயத்தின் இடது கீழறையிலிருந்து குருதியை உறிஞ்சிப் பெருந்தமனிக்குள் செலுத்தும் உந்தி. இது இதயத்தின் வேலையில் பெரும்பகுதியைத் தானே செய்கின்றது. 2001இல் வெளியான 129 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், இத்தகைய உந்தி பொருத்தப்பட்டோரில் 52 விழுக்காட்டினர் ஓராண்டு வாழ்ந்தனர். மருந்து மட்டும் பெற்றோரில் 25 விழுக்காட்டினரே வாழ்ந்தனர். ஆனால் இதைப் பொருத்தப் பெரிய அறுவை தேவை. விலையும் மிக அதிகம். குருதி உறைதல், குருதிப் பெருக்கு, பக்கவாதம் ஆகிய இடர்களும் உண்டு. பரவலாகப் பயன்பட்டு வந்த இத்தகைய உந்திகளுள் ஒன்றின் விற்பனை 2021இல் நிறுத்தப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மற்றொன்று எதிர்த்துடிப்பு முறை. ஊஞ்சலில் ஆடும் குழந்தையை உரிய கணத்தில் மெல்லத் தொட்டாலே ஊஞ்சல் உயரப் போகும். தவறான கணத்தில் தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும். இம்முறையும் அத்தகையதே. மார்பில் கீழ்நோக்கி இறங்கும் பெருந்தமனிக்குள் நீண்ட பலூன் ஒன்று வைக்கப்படுகின்றது. இதயம் சுருங்கி முடித்துத் தளரும்போது பலூன் விரிகின்றது. அங்குள்ள குருதி இருபுறமும் தள்ளப்பட, இதயத்தசைக்கு உணவளிக்கும் முடியுருத் தமனிகளுக்குக் கூடுதல் குருதி கிடைக்கின்றது. இதயம் அடுத்துச் சுருங்கத் தொடங்கும் கணத்திற்குச் சற்று முன் பலூன் சட்டெனச் சுருங்குகின்றது. பெருந்தமனியில் அழுத்தம் குறைவதால் இதயம் எளிதாகக் குருதியை வெளியேற்றுகின்றது. பலூனை இயக்கும் பொறி, இதய மின்னலைப் பதிவைக் கொண்டோ குருதி அழுத்த அலையைக் கொண்டோ இக்கணங்களை அறிகின்றது. பலூன் விரிவது சற்று முந்தினாலும் இதயத்திற்கு உதவிக்கு மாறாகச் சுமையே கூடும்.

இதயத்தின் வேலையை இது பறித்துக்கொள்வதில்லை, பங்கு மட்டுமே கொள்கின்றது. அதனால் இதயம் ஓரளவேனும் துடித்துக்கொண்டிருந்தால்தான் இம்முறை பயன்படும்.

கான்ட்ரோவிட்சின் வழியில்

எதிர்த்துடிப்பு முறையை மருத்துவத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்சு. 1967இல் புரூக்ளின் மைமோனிடீசு மருத்துவ மையத்தில் பலூன் உந்தியை முதன்முதலில் நோயாளியிடம் பயன்படுத்தியவர் இவரே. ஐக்கிய அமெரிக்காவின் முதல் இதய மாற்று அறுவையையும் அதே ஆண்டு திசம்பரில் இவர் செய்தார். அவரது பலூன் உந்தி உலகெங்கும் பரவியது. ஆனால் அவர் விரும்பியது நிலையாகப் பொருத்தக்கூடிய கருவி. 1971இல் டெட்ராயிட்டில் பெருந்தமனிச் சுவரிலேயே பதிக்கப்பட்ட உந்தி ஒன்றை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். நோயாளி வீடு திரும்பினாலும் நெடுநாள் வாழவில்லை.

இந்தக் கனவின் அடுத்த கட்டத்தில் ஜீவானந்தம் இணைந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற இவர், 1990களில் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழக மருத்துவமனையில் பணியாற்றிய பின் சிக்காகோவுக்கு வந்தவர். பெருந்தமனிச் சுவரில் தைக்கப்படும் 60 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள உந்தியை 5 நோயாளிகளுக்குப் பொருத்திய அனுபவத்தைக் கான்ட்ரோவிட்சு உள்ளிட்டோருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்டார். தேவைப்படும்போது இயக்கி, தேவையற்றபோது நிறுத்தி வைக்கலாம் என்பது இக்கருவியின் சிறப்பு. கீழறை உந்திகளை அவ்வாறு விரும்பியபடி நிறுத்த இயலாது. எனினும் மார்பைத் திறந்து, இதய நுரையீரல் பொறியின் துணையுடன் அதைத் தைக்க வேண்டியிருந்தது. நலிந்த நோயாளிக்கு அதுவே பேரிடர்.

தொடையிலிருந்து தோளுக்கு

வழக்கமான பலூன் உந்தி தொடைத் தமனி வழியாகச் செலுத்தப்படுகின்றது. தொடையில் குழாய் இருப்பதால் நோயாளி காலை மடக்கக்கூடாது, எழுந்து உட்காரவும் கூடாது. சில நாட்களுக்கு இது பொறுத்துக்கொள்ளக் கூடியதே. மாற்று இதயத்திற்காக வாரக்கணக்கில் காத்திருப்பவருக்கு அவ்வாறன்று.

இதற்குச் சிக்காகோ குழுவினர் கண்ட தீர்வு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. பலூனை மாற்றவில்லை, வாயிலை மாற்றினர். காறை எலும்பின் கீழுள்ள தமனியைச் சிறு கீறல் வழியே அணுகி, அங்கிருந்து பலூனைப் பெருந்தமனிக்குள் இறக்கினர். கால்கள் விடுபட்டன; நோயாளி மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடக்கலானார். இம்முறையைப் பற்றி 2012இலும், 88 நோயாளிகளைப் பற்றி 2015இலும் இக்குழு கட்டுரைகள் வெளியிட்டது. பின்னதில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாற்று இதயத்தையோ அடுத்த கட்டச் சிகிச்சையையோ எட்டினர். பலூன் இடம்பெயர்வதும் பழுதடைவதும் இம்முறையின் குறைகளாக இருந்தன. சில நாள் பயன்பாட்டுக்கென வடிவமைத்த பொருளைப் பல வாரம் பயன்படுத்தினால் வேறென்ன நிகழும்?

எனவே நெடுநாள் உழைக்கும் பலூனையே புதிதாக வடிவமைத்தனர். நூபல்சு நிறுவனத்தின் இக்கருவியில் 50 மில்லிலிட்டர் பலூன், தோலில் பதிக்கப்படும் ஓர் இணைப்பு, நோயாளி தோளில் சுமந்து செல்லும் இயக்கி ஆகியவை உள்ளன. பழைய உந்திகள் ஈலியம் வளிமத்தால் இயங்குவன, உருளையைச் சார்ந்திருப்பன. இதுவோ சுற்றியுள்ள காற்றையே பயன்படுத்துகின்றது. மார்பைத் திறக்க வேண்டியதில்லை. மனிதரில் முதல் முயற்சியின் முடிவுகள் 2018 சனவரியிலும், பல மருத்துவமனைகளில் 45 பேருக்குப் பொருத்திய ஆய்வின் முடிவுகள் 2020இலும் வெளியாயின. பின்னதில் கருவி பயன்பட்ட காலத்தின் இடைநிலை 44 நாட்கள். உயிருடன் இருத்தல் அல்லது மாற்று இதயம் பெறுதல், அதோடு முடமாக்கும் பக்கவாதம் இன்மை என்னும் இலக்கை 30 நாட்களில் 89 விழுக்காட்டினர் எட்டினர். இவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதைப் படிப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

மாற்றுக் கருத்துகள்

பலூன் உந்தியின் பயன் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. 2012இல் செருமனியில் நடைபெற்ற பெரும் ஆய்வு ஒன்று, மாரடைப்பினால் அதிர்ச்சி நிலைக்குச் சென்ற 600 பேரை ஆராய்ந்தது. 30 நாட்களில் இறந்தோர், பலூன் பெற்ற குழுவில் 39.7 விழுக்காடு, பெறாத குழுவில் 41.3 விழுக்காடு, அதாவது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதன்பின் பல நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளுக்குப் பலூன் வைக்கும் வழக்கம் குறைந்தது. ஆனால் திடீர் மாரடைப்பும், பல ஆண்டுகளாகத் தளர்ந்துவந்த இதயமும் ஒன்றல்ல. முன்னதன் முடிவைப் பின்னதற்கு அப்படியே பொருத்துதல் சரியாகாது. அதே வேளையில், பின்னதில் பலூன் உயிர்காக்கின்றது என்பதற்கும் அதற்கு இணையான பெரும் ஆய்வு தேவை.

விதிமுறை மாற்றமும் இங்கே குறுக்கிட்டது. 2018 அக்டோபரில் ஐக்கிய அமெரிக்கா இதயப் பகிர்வு விதிகளைத் திருத்தியபோது, பலூன் உந்தியில் உள்ளவர்கள் காத்திருப்போர் வரிசையில் இரண்டாம் உயர் நிலைக்கு முன்னேறினர். அதன்பின் அந்நாட்டில் காத்திருப்போரிடம் பலூன் பயன்பாடு பெருகியது. உடலின் தேவை எவ்வளவு, வரிசையின் தேவை எவ்வளவு என்பது இன்றும் விவாதத்திற்குரியது.

கொடை இதயம் பற்றிய ஆய்வுகள்

கருவிகளுக்கு முன்பே, கிடைக்கும் இதயங்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் ஜீவானந்தம் முயன்றார். மூளைச்சாவின்போது கேடயச் சுரப்பியின் இயக்குநீர் குறைவதால் இதயம் தளரக்கூடும் என்றும், அதை ஊசி வழியாக ஈடுசெய்தால் ஒதுக்கப்படும் இதயங்கள் சில பயன்படும் என்றும் 1990களில் டெம்பிள் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதினார். அவ்வழக்கம் அமெரிக்காவில் பரவியது. எனினும் 838 கொடையாளர்களைக் கொண்டு 2023இல் வெளியான ஆய்வில், அதே சுரப்பியின் மற்றோர் இயக்குநீரை அளித்தும் பயன்பட்ட இதயங்களின் அளவு கூடவில்லை.

2018 திசம்பரில் சிக்காகோ பல்கலைக்கழக மருத்துவமனையில், 29 வயதுடைய இருவருக்கு 27 மணி நேரத்திற்கும் சற்றே கூடுதலான காலத்தில் இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகிய மூன்று உறுப்புகளும் மாற்றப்பட்டன. இவ்விரு இதய அறுவைகளும் ஜீவானந்தத்தின் தலைமையில் நடைபெற்றன.