கணினித் திறப்புகளைக் கொடுத்தலும் மீட்டலும்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவிற் பிரித்தானியர் அமைத்துச் சென்ற எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் நிற்கின்றன. 2022 ஆம் ஆண்டு சனவரி மாதத்து உடன்படிக்கையின்படி, அவற்றுள் 14 லங்கா ஐ.ஓ.சி. கம்பெனிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 அவ்விரண்டும் கூடி அமைத்த முனையக் கம்பெனிக்கும் ஒதுக்கப்பட்டன. தாங்கிகளை எண்ணிப் பங்கிட்டுவிடலாம். ஆனால், ஒரே வளவினுட் பல நிறுவனங்கள் தொழில் செய்யுமிடத்து, எவர் எந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம், எவர் எந்தக் கட்டளையை இடலாம் என்பதை அவ்வாறு எண்ணிப் பிரித்துவிட இயலாது. இக்காலத்திலே அவ்வுரிமைகள் யாவும் கணினியினுள்ளேயே உறைகின்றன.

முன்னாளிற் பண்டகசாலைத் திறப்புக் கொத்து காப்பாளரின் இடுப்பில் இருந்தது. அவர் வேலையை விட்டு நீங்கும்போது அதனைக் கையளித்தாலன்றிக் கணக்குத் தீராது. கணினித் திறப்போ கண்ணுக்குப் புலப்படாதது. கொடுத்ததை மறப்பது எளிது. இதன்பொருட்டு விற்கப்படும் மென்பொருள்கள் இருவகைத் தொழில் செய்வன. ஒன்று வாயிற்காவல்: வருபவர் தாம் கூறும் ஆள்தாமா என ஆராய்ந்து உள்ளே விடுதல். மற்றையது உரிமையாட்சி: அவருக்கு அவ்வுரிமையை யார், எக்காரணத்தால், எந்நாள்வரை அளித்தார் எனக் குறித்துவைத்து, காரணம் நீங்கியதும் மீட்டல். ஒக்டா, மைக்ரோசொவ்ற் என்ட்ரா, கீகுளோக் என்பன முதல்வகையிலே பெயர் பெற்றவை. செயில்பொயின்ற், சவியின்ற், மிட்பொயின்ற் என்பன இரண்டாம் வகையின. முதல்வகையாருட் சிலர் இரண்டாவதையும் சேர்த்தே விற்கின்றனர்.

வாங்குவோர் பெரும்பாலும் வாயிற்காவலையே நோக்குகின்றனர், மீட்டலை மறந்துவிடுகின்றனர். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு 5,500 மைல் நீளக் குழாய்வழியில் எண்ணெய் செலுத்தும் கொலோனியல் கம்பெனிக்கு 2021 ஆம் ஆண்டு மே மாதம் நேர்ந்ததைக் காண்க. வெளியிலிருந்து உள்ளே வருதற்கென முன்னர் ஏற்படுத்தப்பட்ட ஒரு கணக்கு, பயன் ஒழிந்த பின்னரும் மூடப்படாது கிடந்தது. அதன் கடவுச்சொல் திருடர் கைக்குச் சென்றது. இரண்டாவது சோதனை எதுவும் அதற்கு இருக்கவில்லை. மே 7 ஆம் நாள் நிறுத்தப்பட்ட குழாய்வழி 12 ஆம் நாளே மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. கம்பெனி 75 பிட்கொயின், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 இலட்சம் டொலர், கப்பமாகக் கொடுத்தது. இத்துணை இழப்பும் ஒருவரும் பயன்படுத்தாத ஒரு திறப்பினால் வந்தது.

ஆகவே விற்பனையாளரிடம் முதற்கண் கேட்கத்தக்கது இது: ஒருவர் விலகினார் என்று சம்பளப் பதிவேட்டிற் குறித்த மாத்திரத்தே அவருடைய கணக்குகள் யாவும் தாமே மூடப்படுமா? ஸ்கிம் என்னும் பொது நியமத்தைக் கைக்கொள்ளும் மென்பொருள்களிடையே இது கூடும். பழைய கணக்குப் பொதிகள் பல அதனை அறியா. அவற்றைக் கையாலேயே மூடவேண்டும். துறைமுகத் தொழிலில் வேறொரு சிக்கலும் உண்டு. ஒப்பந்தகாரர், கப்பல் முகவர், பாரவண்டிச் சாரதிகள் ஆகியோர் சம்பளப் பதிவேட்டில் இரார். இவர்களது உரிமைக்கு முடிவுநாள் இடாது கணக்குத் திறக்க இடந்தரும் மென்பொருளை யான் வாங்கேன்.

பொருட்கட்டளை எழுதுபவரே பணம் கொடுக்கவும் ஒப்பமிடாதவாறு தடுத்தல் அடுத்தது. காலாண்டுக்கொருமுறை உரிமைப் பட்டியலைப் பகுதித் தலைவர்க்கு அனுப்பும் வசதியையும் விற்பனையாளர் மிகப் புகழ்வர். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட பட்டியலுக்கு எவரும் கண்ணை மூடிக்கொண்டே கையொப்பமிடுவர். சென்றமுறைக்குப் பின் மாறியவற்றை மாத்திரம் காட்டுவதே பயன்தரும்.

விலை பெரும்பாலும் தலைக்கு இவ்வளவென மாதந்தோறும் அறவிடப்படும். கீகுளோக்குக்கும் மிட்பொயின்றுக்கும் உரிமக் கட்டணமில்லையாயினும், அவற்றை நடத்த வல்லாரின் சம்பளம் உண்டு. இருபது இலிகிதர் உள்ள காரியாலயத்துக்கு உரிமையாட்சி மென்பொருள் வேண்டியதேயில்லை. இரண்டாஞ் சோதனையோடு ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு பட்டியல் போதும். விற்பவர் வீடும் உடைபடக்கூடும்: ஒக்டாவின் வாடிக்கையாளர் உதவிப் பகுதியினுட் பிறர் புகுந்தமை 2023 ஒக்டோபரில் வெளிப்பட்டது.

வாங்குமுன் சில நாட் பரீட்சார்த்தமாகத் தருமாறு கேளுங்கள். இல்லாத ஊழியர் ஒருவரின் பெயரைச் சேர்த்து, மூன்று பகுதிகளுக்கு இடம் மாற்றி, பின்னர் விலக்கிவிட்டு, மறுநாட் காலையில் அவருக்கு இன்னும் எத்தனை கதவுகள் திறக்கின்றன என்று எண்ணுங்கள்.