குடிநீரில் குளோரினும் உப்பில் குளோரைடும்

பொள்ளாச்சி வட்டாரத்துத் தோப்புகளில் தென்னைக்கு இடும் பொட்டாஷ் உரம், ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் கரைத்து ஊற்றும் பிளீச்சிங் பவுடர், வீட்டில் சமையலுக்கு எடுக்கும் உப்பு ஆகிய மூன்றிலும் உள்ள தனிமம் ஒன்றே. அதன் பெயர் குளோரின். ஆயினும் தொட்டியில் ஒரு பிடி உப்பைப் போட்டால் கிருமி சாவதில்லை; பிளீச்சிங் பவுடரையோ ஒருவரும் உண்ண முடியாது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்துகொண்டால் ஊர்க் குடிநீரைக் காக்கும் வழியும் தெளிவாகும்.

புளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உலோகங்களுடன் கூடி உப்பை ஈனுவதால் இவற்றை உப்பீனிகள் என்பர். இவற்றின் அணுவின் வெளிக்கூட்டில் ஏழு எலெக்ட்ரான்களே உண்டு. எட்டாவதை எவ்வாறேனும் பிறபொருளிடமிருந்து பறித்துக்கொள்வது இவற்றின் இயல்பு. பறித்தபின் அணு அயனியாகின்றது, குளோரின் குளோரைடாகின்றது. குளோரின் வீரியம் மிக்க நச்சு வாயு. குளோரைடோ, தேவை தீர்ந்து அடங்கிய பொருள். உப்பிலும் பொட்டாஷிலும் இருப்பது இந்தக் குளோரைடே.

1774ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஷீலே என்பார் குளோரினை முதன்முதலில் பிரித்தெடுத்தார். 1799இல் ஸ்காட்லாந்தில் டெனன்ட் என்பார் துணி வெளுப்பதற்காகப் பிளீச்சிங் பவுடர் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். இத்தூளை நீரில் கரைத்தால் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகின்றது. அதுவே கிருமிகளின் உடலைச் சிதைப்பது. அவ்வேலை முடிந்ததும் குளோரின் குளோரைடாகி ஓய்ந்துவிடும். ஆகையால் சேறும் தழையும் கலந்த நீரில் மருந்தின் பெரும்பகுதி அவற்றிற்கே செலவாகி, கிருமிகள் தப்பிவிடும். தொட்டியை அவ்வப்போது கழுவ வேண்டும் என்பது இதனாலேயே.

தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு வீரியம் குன்றாத பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 2.5 கிராம் தேவை. 30,000 லிட்டர் தொட்டிக்கு இது 75 கிராம் ஆகும். தூளை அப்படியே கொட்டலாகாது. பிளாஸ்டிக் வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீரைத் திறந்துவிட வேண்டும்.

மருந்து போதுமா என்பதை எவ்வாறு அறிவது? உப்பீனிகளுள் வலியது மெலியதை அதன் உப்பிலிருந்து வெளியேற்றும். குளோரின் உள்ள நீரில் பொட்டாசியம் அயோடைடும் கஞ்சிப்பசைக் கரைசலும் இட்டால், குளோரின் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும். அயோடின் கஞ்சியுடன் சேர்ந்து நீல நிறம் காட்டும். நிறம் தோன்றாவிடில் நீரில் குளோரின் மிஞ்சவில்லை என்று கொள்ளலாம். அளவை அறிய வண்ணம் ஒப்பிடும் சோதனைப் பெட்டிகள் உண்டு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி (2012) குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருத்தல் வேண்டும். இதனைத் தொட்டியருகே பார்த்தால் போதாது. தெருவின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. முதலாவது, காற்றும் ஈரமும் வெயிலும் பட்டால் இத்தூள் வீரியம் இழக்கும். வாய் திறந்த மூட்டையில் பல மாதம் கிடந்த தூளை இடுவது, மருந்து இட்டோம் என்ற பொய் நம்பிக்கையை மட்டுமே தரும்; வாந்திபேதியும் டைபாய்டும் அந்நம்பிக்கையின் வழியே ஊருக்குள் நுழையும். இரண்டாவது, பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்பட்டு, மூடிய அறையில் உயிருக்கே ஆபத்தாகும்.

கிணற்று நீர் உப்புக் கரித்தால் பிளீச்சிங் பவுடர் அதனை நல்ல நீராக்கும் என்று எண்ணுவது தவறு. அந்நீரில் உள்ள குளோரைடும் சில ஊர்க் கிணறுகளில் உள்ள புளோரைடும் அடங்கிய அயனிகள். காய்ச்சினாலும் மருந்திட்டாலும் அவை நீங்கா. குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை பொறுக்கலாம். புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு வழியில்லாவிடில் 1.5 எல்லை. அதற்கு மேற்பட்டால் வேறு நீராதாரம் தேடுவதே முறை.

தென்னைக்கோ குளோரைடு உணவாகும். வளர்ந்த நெட்டை மரத்திற்கு ஆண்டுதோறும் இரு தவணையாக இடும் 2 கிலோ பொட்டாஷில், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் குளோரைடு அடங்கியுள்ளது. எனினும் பாசன நீரே உப்பாக இருந்தால் மண்ணையும் நீரையும் சோதித்தறிந்த பின்னரே உரத்தின் வகையையும் அளவையும் முடிவு செய்தல் நன்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தொட்டிக்கு ஒரு பதிவேடு வைத்து, இட்ட மருந்தின் அளவையும் கடைசிக் குழாயில் கண்ட குளோரின் அளவையும் நாள்தோறும் எழுதச் செய்தல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். இதனால் காக்கப்படுவது ஊர்க் குழந்தைகளின் உயிர்.