சங்கிலி டிராக்டரின் கிளட்சு

உழவிற்குப் பயன்படும் டிராக்டர்களுள் சக்கரங்களாற் செல்வன ஒருவகை. இருபுறமும் பூட்டிய இரும்புப் பட்டைகளால் ஊர்ந்து செல்வன மற்றொரு வகை. பின்னவற்றைச் சங்கிலி டிராக்டர் என்பர். அவ்வகையிற் பழையதொரு வண்டியின் கிளட்சைச் செப்பஞ்செய்யும் முறையை ஈண்டு விளக்கப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்கு இயந்திரத்தோடு யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். ஏரைப் புகழ்ந்த மொழி, ஏரை இழுக்கும் பொறியைச் சொல்லவும் பின்னிடலாகாது என்பதே நம் விடை.

இவ்வண்டியின் பிறப்பு சேற்று நிலத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகரையடுத்த ஆற்றிடைத் தீவுகளின் மண் மிக மெல்லியது. கனத்த நீராவி டிராக்டர்களின் சக்கரங்கள் அதிற் புதைந்துபோயின. பெஞ்சமின் ஹோல்ட் என்பார் அத்தகைய வண்டியொன்றின் பின்சக்கரங்களைக் களைந்து, மரப்பலகைகள் கோத்த சங்கிலிப் பட்டைகளை அமைத்து, 1904ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள் ராபர்ட்ஸ் தீவில் ஓட்டிப் பார்த்தார். வண்டியின் பாரம் பட்டையின் நீளமெங்கும் பரவியமையால் அது புதையாது ஊர்ந்தது. கம்பளிப்புழுவைக் குறிக்கும் 'காட்டர்பில்லர்' என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. ஹோல்ட் நிறுவனமும் பெஸ்ட் நிறுவனமும் 1925இல் ஒன்றாகி அப்பெயரையே தாங்கின. அவ்வழி வந்ததே 1938 முதல் 1957 வரை செய்யப்பெற்ற டி2 என்னும் சிறிய டீசல் வண்டி. பழம்பொறிகளைப் பேணுவார் பலர் அதனை இன்றும் ஓட்டி வருகின்றனர். அதனையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கிளட்சு என்பது யாது? எஞ்சின் சுழலுங்கால் அதனோடு பிளைவீல் என்னும் கனத்த சக்கரமும் ஓயாது சுழலும். அச்சுழற்சியைக் கியர்களுக்கு வேண்டும்போது கொடுக்கவும், வேண்டாதபோது நிறுத்தவும் ஓர் இடைநிலை உறுப்பு வேண்டும். அதுவே கிளட்சு. உராயும் தன்மையுள்ள லைனிங் பதித்த தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றுமாயின் ஆற்றல் செல்லும், விலகுமாயின் நிற்கும்.

மோட்டார் வண்டிகளில் வில் இத்தட்டுகளை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். காலால் மிதித்தால் விலகும். டி2 வண்டியின் முதன்மைக் கிளட்சோ வேறு இயல்பினது. ஓட்டுநர் கையால் நெம்புகோலை அசைக்க, அது சிறு இணைப்புக் கைகளை நெம்பித் தட்டுகளை அழுத்தும். அக்கைகள் நேர்கோட்டு நிலையைச் சிறிதே கடந்தவுடன் தாமே பூட்டிக்கொள்ளும். கம்பி வளையத்தை மடக்கி மூடியை இறுக்கும் பழைய கண்ணாடிச் சாடியைக் கண்டார்க்கு இஃது எளிதில் விளங்கும். வளையம் பாதிவழி வரையில் எதிர்க்கும். நடுநிலை கடந்ததும் 'டக்'கென்று விழுந்து நிலைபெறும். அவ்வாறே நெம்புகோலும் விழும். அதன்பின் கையை எடுத்துவிடினும் கிளட்சு விடாது.

அந்த 'டக்'கென்னும் ஒலியும், அதற்கு முன் கை உணரும் எதிர்ப்புமே இக்கிளட்சின் உடல்நலத்தைக் காட்டும் நாடி. லைனிங் நாளடைவில் தேயும். தேயத்தேய எதிர்ப்புக் குறையும். நெம்புகோல் ஒலியின்றி எளிதாய்ச் செல்லும். அந்நிலையில் வண்டி வெறுநிலத்திற் குறைவின்றி ஓடுமாதலின் ஓட்டுநர் ஏமாறுதல் உண்டு. கலப்பை ஆழ்ந்தவிடத்தோ, எஞ்சின் முழங்க வண்டி தயங்கும். தட்டுகள் வழுக்கி உராய்ந்து சூடேறும்; லைனிங் தீயும். சில மணித்துளி வேலையால் தீரக்கூடிய குறை, வண்டியைப் பிரித்து லைனிங்கை மாற்றும் பெருஞ்செலவாய் முடியும்.

செப்பஞ்செய்யும் முறை வருமாறு. வண்டியைச் சமநிலத்தில் நிறுத்திப் பிரேக்கைப் பூட்டி, எஞ்சினை முற்றிலும் அணைத்தல் வேண்டும். சுழலும் எஞ்சினருகே கையை நுழைத்தல் விரலை இழக்கும் வழியாகும். பின்னர்க் கிளட்சை விடுவித்து, கூட்டின் மேலுள்ள மூடியைக் கழற்றுக. உள்ளே திருகு வளையமும் அதனை நிறுத்திவைக்கும் பூட்டாணியும் உள. பூட்டாணி திறப்பின் நேரே வரும்வரை கிளட்சைக் கையால் மெல்லச் சுழற்றுக. கியர் ஒன்றினைப் பூட்டினால் அச்சு உடன்சுழலாது நிற்கும். ஆணியை இழுத்துப் பிடித்து, வளையத்தை இறுகும் திசையிற் சிறிதளவே திருப்பி, ஆணி அடுத்த பள்ளத்தில் அமரச் செய்க. கியரை விடுவித்து நெம்புகோலை இயக்கிப் பார்க்க. எதிர்ப்பும் ஒலியும் போதாவெனின் மீண்டும் ஒரு பள்ளம் திருப்புக. புதிய லைனிங் முதலில் விரைந்து படியுமாதலின், அதனை இட்ட சின்னாட்களில் இவ்வேலை அடிக்கடி நேரும்.

இறுக்கம் நன்றெனக் கருதி மிகுதியாகத் திருகுவதும் தீதே. நெம்புகோல் நடுநிலையைக் கடவாது நின்றுவிடும். வலிந்து தள்ளினால் இணைப்புக் கைகளும் ஊசிகளும் வளையும், முறியும். இனி, செவ்வனே திருகிய பின்னும் கிளட்சு வழுக்குமாயின், லைனிங்கில் எண்ணெய் படிந்திருத்தல் கூடும். அதனைத் திருகித் தீர்க்க இயலாது. எண்ணெய் கசியும் இடத்தை அடைத்துத் தட்டுகளைத் தூய்மைசெய்தலே மருந்து. பழைய லைனிங் பலவற்றிற் கல்நார் கலந்துள்ளது. அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைக்குமாதலின் அதனை ஊதிப் பறக்கவிடுதல் கூடாது.

இவ்வண்டியில் வேறு இரு கிளட்சுகளும் உள. பட்டைக்கு ஒன்றாக அமைந்த அவை வண்டியைத் திருப்ப உதவுவன. ஒருபுறத்து நெம்புகோலை இழுத்தால் அப்புறத்துப் பட்டை ஆற்றலிழக்க, வண்டி அப்பக்கம் திரும்பும். இவை சுருள்வில்லால் அழுந்துவன. ஆதலின் இவற்றின் நெம்புகோல், விசை தொடங்குமுன் சிறிதளவு தளர்வாய் அசைதல் இன்றியமையாதது. லைனிங் தேயுங்கால் அத்தளர்வு குறையும். அஃது அற்றுப்போயின், நெம்புகோல் இழுபட்டே நிற்பதுபோலாகி, வில்லின் அழுத்தம் தட்டுகளை முழுதும் எட்டாது, கிளட்சு வழுக்கும். முதன்மைக் கிளட்சுக்கு எதிர்ப்புக் குறைதல் நோய்; இவற்றிற்குத் தளர்வு குறைதல் நோய். இவ்வேற்றுமையை அறியாதவன் ஒன்றின் மருந்தை மற்றொன்றிற்கு இட்டு வண்டியைக் கெடுப்பான்.

இவ்வேலைக்கு வேண்டுவன ஒருசில கருவிகளும் நாடோறும் கவனிக்கும் கையுமே. நெம்புகோல் நேற்றுக் காட்டிய எதிர்ப்பை நினைவிற்கொண்டு இன்றைய எதிர்ப்பை ஒப்புநோக்குவான் எவனோ, அவனது வண்டி உழவுநாளில் நடுவயலில் நில்லாது.