எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

கொரோனாவுக்கு ஓராண்டுக்குள் தடுப்பூசி வந்துவிட்டது. எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், அதுவும் சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலாவும் எடுத்த முயற்சியில், வேலூர் சி.எம்.சி.யில் நடந்த ரத்தப் பரிசோதனையில் அது தெரிய வந்தது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இதற்கு ஏன் தடுப்பூசி இல்லை? வாட்ஸ்அப்பில் "எய்ட்ஸுக்கு ஊசி வந்துவிட்டது" என்று செய்தி வரும்போது ஏமாறாமல் இருக்க, இதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

தடுப்பூசியின் வேலை, கிருமியின் வெளித்தோற்றத்தை உடலுக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது. அதைப் பார்த்து உடல் ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைக்கும். எச்.ஐ.வி.யிடம் இது எளிதில் பலிப்பதில்லை. அதன் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் ஓயாமல் உருமாறுகிறது. போதாக்குறைக்கு, நம் உடலிலிருந்தே எடுத்த சர்க்கரையால் தன்னைப் போர்த்திக்கொள்கிறது. நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்குச் சர்க்கரை புதிதல்ல. ஆனால் இந்தச் சர்க்கரைப் போர்வையைப் பார்த்து உடலின் காவல் அணுக்கள் 'இது நம்முடையதுதான்' என்று ஏமாந்துவிடுகின்றன. உள்ளே நுழைந்த கிருமியோ அந்தக் காவல் அணுக்களின் மரபணுவிலேயே ஒளிந்துகொள்கிறது.

முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2006இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், நம் நாட்டில் அதிகம் காணப்படும் 'சி' வகைக் கிருமியை முன்வைத்துச் செய்த தடுப்பூசி 32 தன்னார்வலர்களிடம் சோதிக்கப்பட்டது. பெரிய தீங்கு இல்லை. ஆனால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி மிதமானதே. தாய்லாந்தில் 16,000 பேருக்கு மேல் பங்கேற்ற சோதனையில், 2009இல் தெரியவந்த பாதுகாப்பு 31 சதவீதம்தான்.

ஆகவே இப்போது விஞ்ஞானிகள் வேறு வழியில் போகிறார்கள். கிருமியில் அதிகம் மாறாத சில இடங்கள் உண்டு. அந்த இடத்தை மட்டும் எடுத்துக்காட்டும் புரதத்தைக் கணினியின் துணையோடு வடிவமைக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவன் வரதராஜன் குழுவினரும் இத்தகைய புரதங்களை உருவாக்கி ஆய்ந்துள்ளனர்.

ஒரே ஊசியில் வேலை முடியாது. குர்ஆன் ஓதக் கற்கும் பிள்ளைக்கு முதலில் அலிஃப், பா, பிறகு எழுத்துகளைச் சேர்ப்பது, பிறகுதான் வசனம். அதுபோலவே முதல் ஊசி, சரியான எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும் ஆற்றல் உள்ள அரிய அணுக்களைத் தட்டி எழுப்ப வேண்டும். அடுத்தடுத்த ஊசிகள் அவற்றைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் ஷீஃப் குழு வடிவமைத்த முதல்படிப் புரதத்தைப் பெற்ற 36 பேரில் 35 பேருக்கு அந்த அணுக்கள் விழித்துக்கொண்டன. 2022இல் வெளியான இந்த முடிவு நம்பிக்கை தருகிறது. ஆனால் இது அலிஃப் மட்டுமே. நோயைத் தடுக்கும் நிலை இன்னும் வரவில்லை.

2025இல் அமெரிக்கா தடுப்புக்காக அனுமதித்த லெனகாபவிர் என்ற ஊசி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. அதுவும் மருந்துதான், தடுப்பூசி அல்ல.

தடுப்பூசி வரும்வரை நம் கையில் இருப்பவை குறைவல்ல. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். விவரம் ரகசியமாகக் காக்கப்படும். 2004 முதல் அரசு கூட்டு மருந்தையும் இலவசமாகத் தருகிறது. அதைத் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், துணைவருக்கு உடலுறவு வழியாகத் தொற்றாது. கர்ப்பிணித் தாய் சிகிச்சை பெற்றால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கைகொடுப்பதாலோ, தோளோடு தோள் நின்று தொழுவதாலோ இது பரவாது. மருந்து சாப்பிடுபவரை நாம் ஒதுக்கினால், அவர் மருந்தையும் ஒளித்துச் சாப்பிடுவார். ஒருநாள் விட்டுவிடவும் செய்வார். அந்த நிலைக்கு நம்மில் எவரையும் நாம் தள்ளிவிடக் கூடாது.