இலையுதிர்கால மக்கரோனும் ஈரத்தின் கணக்கும்

மக்கரோன் சுடுவதற்குக் கைராசி வேண்டும் என்ற எண்ணம் சிட்னி, மெல்போர்ன் வீடுகளில் வேரூன்றிப் போயிருக்கிறது. சிட்னியின் பால்மெயின் பகுதியில் இனிப்புக் கடை வைத்திருந்த ஏட்ரியானோ சும்போ, 2010இல் 'மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா' போட்டியாளர்களை மக்கரோன் கோபுரம் ஒன்றைக் கட்டச் சொன்னார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தப் பண்டத்தின் மேல் ஆசையும் பயமும் ஒன்றாகவே வந்தன. பயம் காரணமில்லாத ஒன்றல்ல. முதன்முறை சுடுபவருக்கு ஓடு வெடிக்கும், உள்ளே பொள்ளலாகும், காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே கேள்வியால் விளக்கிவிடலாம்: மாவில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது எந்த வழியாக, எந்த நேரத்தில் வெளியேறுகிறது? இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் கைராசிக்கு வேலையில்லை. பரங்கிக்காய், ஆப்பிள், குயின்ஸ் என்று இலையுதிர்காலத்தின் சுவைகளை மக்கரோனுக்குள் கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். அந்தப் பருவம் தரும் காய்கனிகள் பெரும்பாலும் நீரால் ஆனவை.

பண்டத்தின் அமைப்பு எளிது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, பாதாம் மாவும் ஐசிங் சுகரும் கலந்து, வட்டங்களாகப் பிழிந்து சுட்டால் ஓடு. இரண்டு ஓடுகளுக்கு நடுவே பூரணம். நூறு கிராம் வெள்ளைக்கருவுக்கு நூறு கிராம் சீனி, நூற்றிருபது கிராம் பாதாம் மாவு, அதே அளவு ஐசிங் சுகர் என்பது வீட்டுக்கு ஏற்ற ஓர் அளவு. வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 88 சதவீதம் நீர், மீதி பெரும்பாலும் புரதம். அடிக்கும்போது சுருண்டு கிடந்த புரதங்கள் பிரிந்து காற்றுக் குமிழ்களைச் சுற்றிப் படலமாகப் படிகின்றன. சர்க்கரை அந்தப் படலத்திலுள்ள நீரைக் கெட்டியாக்கி, குமிழ் சீக்கிரம் வடிந்துபோகாமல் தடுக்கிறது. மஞ்சள்கரு ஒரு துளி விழுந்தாலும் அதன் கொழுப்பு நுரையைக் கெடுக்கும். ஐசிங் சுகர் வாங்கும்போது ஒரு கவனம்: ஆஸ்திரேலியக் கடைகளில் கலப்பில்லாதது ஒன்று, மாவுச்சத்து சேர்த்தது ஒன்று என இரண்டு வகை இருக்கும். அமெரிக்கத் தூள் சர்க்கரையில் மாவு உண்டு, அதிலும் மக்கரோன் வரத்தான் செய்கிறது. இருந்தாலும் செய்முறையை எந்த வகைக்கு எழுதியிருக்கிறார்களோ அதையே வாங்குவது நல்லது. மாவு நீரை உறிஞ்சும், கணக்கு மாறும்.

பிழிந்த வட்டங்களை உடனே சுடாமல் காயவிடுவது வழக்கம். மேற்பரப்பில் மெல்லிய தோல் படிந்தபின் ஓவனுக்குள் போனால், உள்ளே கிளம்பும் ஆவி மேலே வழியில்லாமல் அடிப்பக்க விளிம்பு வழியாகத் தப்பிக்கும். அப்போது ஓடு முழுவதும் சமமாக மேலெழும்பி, அடியில் சுருக்கம் விழுந்த நுரை விளிம்பு உருவாகும். நல்ல மக்கரோனுக்கு அதுவே அடையாளம். தோல் படியாவிட்டால் ஆவி உச்சியைப் பிளந்துகொண்டு வரும். இனி இந்தத் தோல் எதனால் சிட்னியில் ஒரு நாள் அரை மணியில் படிகிறது, இன்னொரு நாள் இரண்டு மணி நேரமாகியும் படிவதில்லை என்று பார்க்கலாம். மேலே சொன்ன அளவில் 88 கிராம் நீருக்கு 220 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதாவது நீர் இதற்கு மேல் கரைக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை. அப்படி நிறைவுற்ற சர்க்கரைக் கரைசல், காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நீரை வெளியே விடும். அதற்கு மேலே போனால் காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். ஆக 45 சதவீத ஈரப்பதத்தில் விரைவாகவும், 75இல் மெதுவாகவும் காயும். 90இல் நாள் முழுக்க வைத்தாலும் காயாது. சிட்னியில் ஆண்டுக்குச் சராசரியாக 1200 மில்லிமீட்டர் மழை. அதிலும் ஆண்டின் முதல் பாதியே ஈரம் மிகுந்தது, மார்ச்சில் தொடங்கும் இலையுதிர்காலம் அதற்குள் அடக்கம். மெல்போர்னில் பெய்வது ஏறத்தாழ அதில் பாதி. அங்கே மே மாதம் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் காற்று நன்றாக வறண்டுவிடும். மெல்போர்னில் எழுதிய குறிப்பு சிட்னியில் பொய்த்துப்போனால் சுட்டவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஏசியைப் போட்டுவிட்டால் அறையின் ஈரம் குறையும், சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும்.

வறண்ட குளிர்நாட்டுப் பண்டத்தைக் கடலோர ஊரில் செய்ய முயல்வதே வீண் என்பவர்களுக்குத் தூத்துக்குடி பதில் சொல்கிறது. போர்த்துக்கீசியர் வழியாக வந்ததென்று சொல்லப்படும் தூத்துக்குடி மக்ரூனிலும் வெள்ளைக்கருவும் சர்க்கரையும்தான் அடிப்படை, பாதாமின் இடத்தில் முந்திரி. உப்பளம் சூழ்ந்த அந்த ஊரின் காற்றை வறண்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே அறைக்காற்றை நம்பிக் காயவைப்பதில்லை. கூம்பாகப் பிழிந்ததைத் தணிந்த சூட்டில் நெடுநேரம் வைத்து, ஓவனின் வெப்பத்தாலேயே நீரை வெளியேற்றுகிறார்கள். பிறகு காற்றுப் புகாமல் கட்டுகிறார்கள், ஏனென்றால் திறந்து வைத்தால் அது காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிடும். நீரை எங்கே வெளியேற்றுவது என்பதைக் கடலோர ஊரிலும் மனிதர் தீர்மானிக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காயவைக்காமலே நேராகச் சுட்டு நன்றாக வந்ததே என்று சிலர் கேட்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மின்விசிறி ஓடும் ஓவனில் முதல் சில நிமிடங்கள் வீசும் சூடான காற்றே தோலைக் காயவைத்துவிடும். அத்தகைய ஓவனில் 150 பாகை என்ற குறிப்பை 130 ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வெள்ளைக்கருவை ஓரிரு நாள் குளிர்பெட்டியில் மூடாமல் வைத்தால் நன்றாக வரும் என்ற பழைய அறிவுரையும் இதே கணக்கின் இன்னொரு முகம்: அதனால் கொஞ்சம் நீர் ஆவியாகிறது. எவ்வளவு போனது என்று தெரியாமல் செய்வதைவிட, வைக்கும் முன்னும் பின்னும் எடைபோடுவது மேல்.

இப்போது பருவச் சுவைக்கு வரலாம். முதலில் தோன்றும் ஆசை, பரங்கிக்காய் விழுதில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து ஓட்டு மாவிலேயே கலப்பது. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டியின் அளவு 20 மில்லிலிட்டர். பிற நாடுகளில் பெரும்பாலும் 15தான். பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு நீர். ஆகவே அந்த ஒரு கரண்டி 18 கிராம் நீரைக் கொண்டுவருகிறது. ஏற்கெனவே இருந்த 88 கிராமோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். நுரை அதைத் தாங்காது, மாவு ஓடி விரியும். சரி, உறைநிலையில் உலர்த்திய ஆப்பிள் பொடியில் நீரே இல்லையே என்று கேட்கலாம். பொடியில் நீர் இல்லை, ஆனால் பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ் இருக்கிறது. சாதாரணச் சீனி 85 சதவீத ஈரப்பதம் வரை பொறுத்திருக்கும் என்றால், ஃபிரக்டோஸ் 60ஐத் தாண்டியதுமே காற்றின் நீரை இழுக்கும். மழைநாளில் அந்த ஓடு பிசுபிசுப்பாகவே நிற்கும். நிறத்துக்கும் இதே விதி: திரவச் சாயம் வேண்டாம், ஜெல் அல்லது பொடி போதும். பெரிய கடைகளும் பெரும்பாலும் ஒரே ஓட்டுக் கலவைக்கு நிறத்தை மட்டும் மாற்றிச் சுவையைப் பூரணத்தில் வைக்கின்றன. அது சோம்பல் அல்ல, அறிவு.

கறுவா, கிராம்பு, சாதிக்காய் உலர்ந்தவைதானே, அவற்றையாவது ஓட்டில் போடலாமே என்பது நியாயமான கேள்வி. ஒரு சிட்டிகை போடலாம், கெடுதல் இல்லை. ஆனால் கறுவாவின் மணமும் கிராம்பின் மணமும் கொழுப்பில் கரைபவை, சூட்டில் பறப்பவை. கால் மணி நேர ஓவன் வெப்பத்தில் ஓட்டிலிருந்து வீணாகும் மணத்தை, வெண்ணெயில் மெதுவாகச் சூடாக்கினால் முழுதாகப் பிடித்து வைக்கலாம். தாளிப்பின் தத்துவம் தமிழ்ச் சமையலறைக்குப் புதிதல்ல. வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டான்டினாங் பகுதிகளின் தமிழ், இலங்கை மளிகைக் கடைகளில் வாங்கும் மெல்லிய இலங்கைக் கறுவாவை வெண்ணெயில் இளஞ்சூட்டில் ஊறவிட்டு, வடித்துக் குளிரவைத்துப் பட்டர் கிரீம் அடித்தால், ஒரே கடியில் வித்தியாசம் தெரியும்.

எந்தச் சுவையை இலையுதிர்காலம் என்று கொள்வது என்பதிலும் ஓர் அழுத்தமான கருத்து சொல்ல வேண்டியிருக்கிறது. அக்டோபரில் அமெரிக்காவிலிருந்து வரும் பரங்கி மோகத்தை, வசந்தம் நடக்கும் சிட்னியில் அப்படியே பின்பற்றுவதில் பொருளில்லை. ஆஸ்திரேலியாவின் இலையுதிர்காலம் மார்ச் முதல் மே வரை. நம் சித்திரைப் புத்தாண்டு அதன் நடுவில் வருகிறது. அந்த நாள்களில் மண் என்ன தருகிறது? கிரானி ஸ்மித் ஆப்பிளே சிட்னியின் குழந்தை: ஈஸ்ட்வுட்டில் மரியா ஆன் ஸ்மித் என்பவரின் நிலத்தில் 1868இல் தானாக முளைத்த கன்றிலிருந்து உலகெங்கும் பரவியது. விக்டோரியாவின் வடகிழக்கில் பிரைட், மிர்டில்ஃபோர்ட் பக்கத்து மலைகளில் செஸ்நட் உதிர்கிறது. மில்டுராவிலும் ராபின்வேலிலும் மர்ரி ஆற்றுப் பாசனத்தில் விளையும் பாதாமை உலுக்கி எடுப்பது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அதாவது எந்த வாசனையும் சேர்க்காத வெறும் ஓடே அங்கே இலையுதிர்கால விளைச்சல்தான்.

பூரணத்திலும் நீரின் கணக்கு விடாது, ஆனால் அங்கே அது நமக்குச் சாதகமாக வேலை செய்யும். சுட்ட அன்று ஓடு மொறுமொறுப்பாக, கொஞ்சம் வறட்டுத்தனமாக இருக்கும். பூரணம் வைத்து ஒரு நாள் குளிர்பெட்டியில் மூடி வைத்தால், பூரணத்தின் ஈரம் மெல்ல ஓட்டின் உட்புறத்துக்கு நகர்ந்து அதை மென்மையாக்கும். இந்த ஒரு நாளைத் தவிர்க்க நினைப்பவர்கள் மக்கரோனின் பாதியை இழக்கிறார்கள் என்றே சொல்வேன். செஸ்நட்டை வேகவைத்துத் தோலுரித்து, சல்லடையில் தேய்த்து வெண்ணெயோடு அடித்தால் கெட்டியான பூரணம் கிடைக்கும். ஈரம் அளவாக நகரும். கிரானி ஸ்மித்தோ குயின்ஸோ அப்படியல்ல. அவற்றைச் சீனியோடு அல்வா பதத்துக்கு, கரண்டியிலிருந்து விழாத அளவுக்குச் சுண்டக் காய்ச்ச வேண்டும். பெக்டின் மிகுந்த பழங்கள் என்பதால் இறுகிவிடும். பிறகு ஓட்டின் ஓரத்தைச் சுற்றி பட்டர் கிரீமை வளையமாகப் பிழிந்து, நடுவில் மட்டும் பழத்தை வைக்க வேண்டும். கொழுப்பு வளையம் நீரை ஓரத்துக்கு விடாமல் தடுக்கும். பரங்கிக்காயையும் ஓவனில் சுட்டு, பிறகு வாணலியில் ஈரம் வற்றக் கிளறினால் அதே நடுப்பகுதியில் அதற்கு இடம் உண்டு.

கடைசியாக ஒரு தடை, இது நீரைப் பற்றியதல்ல. ஆஸ்திரேலியப் பள்ளிகள் பலவற்றில் கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக, அந்த வகைத் தின்பண்டங்களைக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பாதாமும் முந்திரியும் அதில் அடங்கும். அந்த வேண்டுகோளை மதித்தே ஆக வேண்டும். அதற்காக மக்கரோனைக் கைவிட வேண்டியதில்லை. தோல் நீக்கிய பரங்கி விதையில் கொழுப்பு ஏறத்தாழப் பாதி, ஈரம் மிகக் குறைவு. இரண்டிலும் பாதாமுக்கு நெருக்கமானது. ஐசிங் சுகரோடு சேர்த்து, எண்ணெய் விடாதபடி விட்டு விட்டு அரைத்துச் சலித்தால் பாதாம் மாவின் அதே எடைக்குப் போடலாம். ஓடு இளம்பச்சையாக வரும். விழுதாக உள்ளே வர முடியாத பரங்கிக்காய், விதையாக ஓட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பாக்கெட்டில் கொட்டைப் பருப்புகள் பதப்படுத்தும் இடத்தில் தயாரானது என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.