மருந்துக் கடையில் சோதனை

அரிசியில் கல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும். பாலில் தண்ணீர் மிகுந்தால் நாக்கு அறியும். ஆனால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் மாத்திரையில் மருந்து இருக்கிறதா, வெறும் மாவு இருக்கிறதா என்பதை எந்தத் தாயாலும் அறிய இயலாது. ஆகையால், நமக்காக அதனைச் சோதித்தறியும் பொறுப்பை அரசாங்கம் ஏற்றிருக்கிறது. மருந்துகள் பற்றிய 1940-ஆம் ஆண்டுச் சட்டமும், 1945-ஆம் ஆண்டு விதிகளும் இப்பணிக்கு அடிப்படையாகும்.

விதிகளின்படி, மருந்து ஆய்வாளர் தம் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு கடையையும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்வையிட வேண்டும். அங்கே அவர் காண்பவை யாவை? கடையின் உரிமம் யாவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளதா? சில்லறைக் கடைக்கு வேண்டிய 10 சதுர மீட்டர் இடம் உண்டா? மருத்துவர் சீட்டுக்குரிய மருந்துகள், பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில் வழங்கப்படுகின்றனவா? இவற்றைப் பார்த்தபின் குளிர்ப்பெட்டியைத் திறக்கிறார். திறவாத இன்சுலின் புட்டிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். காலாவதியான மருந்துகள் விற்பனைச் சரக்கோடு கலந்து கிடத்தல் ஆகாது. சில வீரியமிக்க கிருமிக்கொல்லி மருந்துகளுக்கும் காசநோய் மருந்துகளுக்கும் 2014 முதல் தனிப் பதிவேடு வேண்டும். அதனை 3 ஆண்டுகள் காத்து வைத்தல் வேண்டும்.

ஒரு மருந்தின் தரத்தில் ஐயம் எழுந்தால், ஆய்வாளர் உரிய விலை கொடுத்து மாதிரி எடுக்கிறார். அதனை நான்கு பங்காக்கி முத்திரையிடுகிறார். ஒரு பங்கு கடைக்காரருக்கு; ஒன்று அரசாங்கப் பகுப்பாய்வாளருக்கு; ஒன்று நீதிமன்றத்திற்கு; மற்றொன்று, அம்மருந்தை யாரிடம் பெற்றதாகக் கடைக்காரர் கூறுகிறாரோ அவருக்கு. நேர்மையான வணிகர்மீது வீண்பழி விழலாகாது. குற்றவாளியும் தப்பலாகாது என்பதே இதன் நோக்கம். போலி மருந்தால் உயிர் போயிற்றெனில், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குறைந்தது 10 ஆண்டுச் சிறை உண்டு. அது ஆயுள் தண்டனையாகவும் நீளலாம்.

எனினும், ஆய்வாளர் ஒவ்வொரு மாத்திரையையும் சோதித்தல் இயலாது. இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. கிராமங்களில் பலர் "இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டு, வெட்டிய துண்டை ரசீதின்றி வாங்கி வருகிறோம். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் எஞ்சிய அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. மருந்து கேடு செய்தால், எந்தக் கடை, எந்தத் தொகுதி என்று காட்ட நம்மிடம் சான்று ஏது? ஆகவே, எண்ணையும் தேதியையும் பார்த்து வாங்குவோம். ரசீதைக் கேட்டுப் பெறுவோம். நோய் தீருமட்டும் அதனைப் பத்திரப்படுத்துவோம்.

வாங்கிய மருந்தை உரிய கட்டணம் செலுத்தி அரசாங்கப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்கு அனுப்பும் உரிமையை, அச்சட்டத்தின் 26-ஆம் பிரிவு எவருக்கும் அளித்திருக்கிறது. ஆய்வாளரின் கண் ஆண்டுக்குச் சில வேளைகளே கடையில் இருக்கும். நம் கண் நாள்தோறும் இருக்கலாம் அன்றோ?