நந்தவனத்து நித்தியகல்யாணி

ஆண்டு முழுவதும் ஓயாது பூப்பதால் நித்தியகல்யாணி எனப் பெயர் பெற்ற செடி, நம் ஆலய நந்தவனங்களில் பூஜைக்கென வளர்க்கப்படுவது. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குவோரும் உண்டு. மடகாஸ்கர் தீவு இதன் தாயகம். கசப்பின் காரணமாக ஆடுமாடுகள் இதைத் தீண்டுவதில்லை.

ஜமைக்கா தீவினர் இவ்விலைகளை நீரிழிவுக்கு மருந்தாகக் கொதிக்கவைத்து அருந்தினர். 1952-ஆம் ஆண்டில் அங்கிருந்து வந்த 25 இலைகளை, கனடாவின் மருத்துவர் கிளார்க் நோபிள் தம் சகோதரரும் ஆய்வாளருமான ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார். எலிகளுக்கு அதன் சாற்றைச் செலுத்தியபோது சர்க்கரை குறையவில்லை. மாறாக, இரத்த வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமன்றோ என்ற எண்ணம் பிறந்தது. வேதியியலாளர் சார்லஸ் பீருடன் இணைந்து, 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் மூலப்பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தார். அமெரிக்காவில் தனியே நடந்த ஆய்வுகளின் பயனாக வின்கிறிஸ்டினும் கிடைத்தது. 1963-இல் அது மருந்தாக ஏற்கப்பட்டது.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, மரபுக்கூறுகளை இருபுறமும் பிரித்திழுக்கும் நுண்ணிய இழைகள் உருவாகின்றன. இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாவதைத் தடுக்கின்றன. பிரிய இயலாத புற்றணு மடிகிறது. முன்பு சில மாதங்களிலேயே குழந்தைகளின் உயிரைப் பறித்த இரத்தப் புற்றுநோய், வின்கிறிஸ்டினும் பிற மருந்துகளும் சேர்ந்த சிகிச்சையால் இன்று பெரும்பாலும் குணமாகிறது. நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளிலும் இச்செடி மருந்துக்காகப் பயிரிடப்படுகிறது.

இதைக் கேட்டதும், நந்தவனத்து இலைகளைப் பறித்துக் கஷாயம் வைக்கத் தோன்றலாம். அது பேராபத்து. இலையில் மருந்துப்பொருள் மிகமிக அற்பம். ஒரு கிராம் பெறப் பல நூறு கிலோ உலர்ந்த இலைகள் தேவை. அதனுடன் வேறு நச்சுப்பொருள்களும் கலந்துள்ளன. தூய்மைப்படுத்திய மருந்தையே, உடல் அளவைக் கணக்கிட்டு, மருத்துவர்கள் நரம்பூசி வழியே இரத்தத்தில் செலுத்துகின்றனர். அளவு மிகுந்தால் நரம்புகள் பழுதுபடும். கஷாயத்தை நம்பிக் கழியும் ஒவ்வொரு வாரமும் நோய்க்கே ஆதாயம்.

வீட்டில் எவருக்கேனும் ஆறாத புண்ணோ, கரையாத கட்டியோ, குழந்தைக்கு விடாத காய்ச்சலும் வெளிறலுமோ இருப்பின், தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும். நித்தியகல்யாணி மலரை இறைவனுக்குச் சாத்தி வேண்டிக்கொள்வோம். அதன் மருந்தை மருத்துவர் கையால் பெறுவோம்.